கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம்

முதல் நாள், ஹாம்பர்க்

34 ஆண்டுகள் தபால் அலுவலகக் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். அத்தனை ஆண்டுகளிலும் என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றவர்கள் வாயைத் திறந்ததும் சொன்னவை "நாலு கவர்", "மணியார்டர் ஃபாரம் ஒன்று", "இது எப்போது போய்ச் சேரும்?" என்பவைதான். வணக்கம் என்று தொடங்கியவர்கள் இரண்டு வகை: தேர்தலில் நின்றவர்கள், வட்டிக் கணக்கில் சண்டை பிடிக்க வந்தவர்கள். குறையாகச் சொல்லவில்லை, நானும் யாருக்கும் சொன்னதில்லை. பணத்தை எண்ணுவேன், முத்திரை குத்துவேன், "அடுத்து" என்பேன். அந்தக் கண்ணோடுதான் ஜெர்மனிக்கு வந்திருக்கிறேன். கோட்டை, தேவாலயம், அருங்காட்சியகம் பற்றிப் படிக்க வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

மகள் வீட்டில் இறங்கி, ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும், தெருமுனை ரொட்டிக் கடைக்குப் பேரன் அழைத்துப் போனான். பதின்மூன்று வயது, இங்கேயே பிறந்தவன். படியிறங்கும்போதே பாடம் நடத்தினான். "ஆச்சி, உள்ளே நுழைந்ததும் மொயின் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் ரொட்டி என்று கேட்டால் அந்த அம்மா உங்களைத் திருத்துவார்."

மொய் என்று காதில் விழுந்ததும் எனக்குக் கல்யாண வீட்டு நோட்டுப் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது. இது வேறு மொய். வடக்குக் கடலோரப் பேச்சுமொழியில் மொய் என்றால் நல்லது, அழகானது. மொயின் அதிலிருந்து வந்தது என்பது பலரும் சொல்லும் விளக்கம். காலை என்பதற்கான 'மோர்கன்' தேய்ந்து மொயின் ஆயிற்று என்று நினைத்துவிடக்கூடாது. மாலை ஆறு மணிக்கும் இதையேதான் சொல்கிறார்கள். ஒருமுறை சொன்னால் போதும். "மொயின் மொயின்" என்று இரட்டித்துச் சொல்பவரை வளவளக்கிற ஆள் என்று இந்த ஊர்க்காரர்கள் கேலி செய்வார்களாம்.

வரிசையில் எனக்கு முன்னால் நால்வர். ஒவ்வொருவரும் மொயின் என்றார்கள். கடைக்காரம்மாவும் மொயின் என்றார். பிறகு கேட்டார்கள். "எனக்கு ஒன்று கொடுங்கள்" என்று இங்கே கேட்பதில்லை. "இஷ் ஹெட்டெ கேர்ன்" என்று தொடங்குகிறார்கள். ஏறக்குறைய, "எனக்கு ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும்." ரொட்டி கண்ணெதிரே அடுக்கியிருக்கிறது, கையில் காசு இருக்கிறது, இருந்தும் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற குரலில் கேட்பதுதான் மரியாதை. கேள்வியின் வாலில் ஒரு 'பிட்டே'. பொட்டலம் கைக்கு வந்ததும் 'டாங்கே'. கடைக்காரம்மா "நல்ல நாளாக அமையட்டும்" என்பார்; வாங்கியவர் "உங்களுக்கும் அப்படியே" என்பார். கடைசியில் இருவரும் 'சூஸ்'. ஒரே ஒரு ரொட்டிக்கு இவ்வளவும். ஆனால் அரை நிமிடம்கூட ஆகவில்லை, வரிசை எங்கும் தேங்கவில்லை, யாரும் கதை பேசவில்லை.

என் முறை வந்தது. மொயின் சரியாக வந்தது. பிறகு, பட்டையும் சர்க்கரையும் சுருட்டிய இந்த ஊர்ப் பண்டமான ஃப்ரான்ஸ்ப்ரோட்சென்னை விரலால் காட்டி, "ஐன்" என்று சொல்லிக் காசை வைத்தேன். பேரன் முழங்கையால் இடித்தான். பிட்டே என்றேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நம் ஊர் வழக்கப்படி திரும்பி நடந்துவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் அந்த அம்மா "நல்ல நாளாக அமையட்டும்" என்று சொன்னது கேட்டது. எங்கள் இருவருக்குமாகப் பேரன் கதவருகிலிருந்து சூஸ் சொல்லிவிட்டு ஓடிவந்தான்.

இந்த பிட்டே ஒரு பல்பொடி டப்பா மாதிரி, எல்லாவற்றுக்கும் ஆகிறது. "அடுத்தவர் வரலாம்" என்பதற்கும் பிட்டே, "இந்தாருங்கள்" என்பதற்கும் பிட்டே, நன்றி சொன்னால் "பரவாயில்லை" என்பதற்கும் அதே, காதில் விழாவிட்டால் "என்ன சொன்னீர்கள்?" என்பதற்கும் அதே. நம்மிடம் தயவுசெய்து என்றொரு சொல் இருக்கிறது. அதைப் புல்தரைப் பலகையில் எழுதுவோம், வீட்டில் சொன்னால் ஏதோ கோபம் என்று நினைப்பார்கள். அதற்குப் பதில் நமக்குக் 'கொஞ்சம்' இருக்கிறது. "கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்" என்றால் எவ்வளவு தூரம் என்று யாரும் அளப்பதில்லை. "கொடுங்களேன்" என்பதில் வருகிற அந்த ஏகாரம் இவர்களுடைய 'ஹெட்டெ கேர்ன்' செய்கிற வேலையைத்தான் செய்கிறது என்று தோன்றுகிறது. மரியாதையை நாம் வினைச்சொல்லின் நுனியில் ஒட்டிவைத்திருக்கிறோம். இவர்கள் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிக் கவுன்ட்டரில் வைக்கிறார்கள்.

இரண்டாம் நாள், ஹாம்பர்க்

பேரனுக்குப் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தார்கள். துணைக்கு நான்.

காத்திருக்கும் அறையில் ஆறு பேர். ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள் என்பது உட்கார்ந்திருந்த இடைவெளியிலேயே தெரிந்தது. கதவு திறந்தது, ஒரு முதியவர் நுழைந்தார், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் "குட்டன் மோர்கன்" என்றார். ஆறு பேரும், செய்தித்தாளிலிருந்து தலை எடுக்காதவர் உட்பட, திருப்பி முணுமுணுத்தார்கள். அவர் உட்கார்ந்தார். மறுபடி அமைதி. இதே போல் நான்கு முறை நடந்தது. உள்ளே போய்விட்டு வெளியேறியவர்களும் மாட்டிவைத்த மேலங்கியை எடுக்க வந்தபோது அறைக்குப் பொதுவாக "அவுஃப் வீடர்சேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

எனக்குப் பிடித்துப்போயிற்று. திரும்பும்போது சுரங்க ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நானாகவே குட்டன் டாக் சொன்னேன். நான் காசு கேட்டுவிட்டதைப் போல அவர் கைப்பையைச் சற்று இழுத்துக்கொண்டார். பேரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வெளியே சுரங்கச் சுவர்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சட்டம் கேட்டேன். லிஃப்டில் சொல்ல வேண்டும். ரயிலில் கூடாது. காத்திருக்கும் அறையில் சொல்ல வேண்டும். பல்பொருள் அங்காடியின் அலமாரிகளுக்கு நடுவே கூடாது. பணம் வாங்குகிறவரிடம் கட்டாயம். குடியிருப்பின் படிக்கட்டில் எதிர்ப்படும் எவருக்கும் சொல்ல வேண்டும், அவரோடு போன வாரம் குப்பைத் தொட்டிக்காகச் சண்டை போட்டிருந்தாலும். நாம் ஆளுக்கு வணக்கம் சொல்கிறோம், இவர்கள் அறைக்குச் சொல்கிறார்கள் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். மற்றொரு வேறுபாடும் உண்டு. நம் ஊரில் உள்ளே இருப்பவர்தான் "வாங்க" என்று தொடங்க வேண்டும். வாங்க என்று ஒரு சொல் சொல்லவில்லை என்பதற்காகப் பத்து ஆண்டுகள் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் திருநெல்வேலிப் பக்கம் எனக்கே நாலைந்து தெரியும். இங்கே அந்தக் கடமை வருகிறவர் தலையில்.

ஒரு சங்கடத்தையும் எழுதிவைக்க வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் பேரனுடைய குடும்பப் பெயராக அவன் அப்பாவின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். நமக்குத்தான் குடும்பப் பெயர் கிடையாதே. மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண் அந்தப் பெயருக்கு முன்னால் 'ஃப்ராவ்' சேர்த்து மிகுந்த மரியாதையுடன் என்னை அழைத்தார். ஃப்ராவ் என்றால் திருமதி. மருமகன் பெயரில் நான் திருமதியாகிவிட்டேன்! காது கூசியது. பேரன் சிரிப்பை அடக்கியதில், திறக்க வேண்டிய வாயைத் திறக்க நேரமாயிற்று.

மூன்றாம் நாள், ஹாம்பர்க்

கீழ்வீட்டு அம்மா காப்பிக்கு அழைத்திருந்தார். மூன்றரை மணி என்றால் மூன்றரை மணிதான், மூன்று இருபதும் தவறு என்று மகள் எச்சரித்தாள். வாங்கிய பூங்கொத்தின் தாளைக் கதவுக்கு வெளியிலேயே பிரித்து, பூவை மட்டும் கொடுக்கச் சொன்னாள். முக்கியமான எச்சரிக்கை இன்னொன்று: அந்த அம்மாவுக்கு வருகிற சனிக்கிழமை எண்பது வயது நிறைகிறது, இன்று வியாழன், வாய் தவறிக்கூட வாழ்த்திவிடக் கூடாது. பிறந்தநாளுக்கு முன்பே வாழ்த்தினால் கெடுதல் வரும் என்று நம்புகிறார்கள். பொறியியலில் உலகத்தையே அசைத்த நாடு. கண்ணேறு எங்கும் உண்டு போலிருக்கிறது.

ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை வைத்துச் செய்த கேக். நம் புளிச்சக்கீரைத் தண்டின் புளிப்பு, மேலே சர்க்கரைப் பொடி. ஒரு துண்டு தின்று முடித்ததும் "இன்னொன்று?" என்று கேட்டார். மனத்துக்குள் ஆசை. நன்றியுடன் ஏற்றுக்கொள்வோம் என்று "டாங்கே" என்றேன். அவர் தலையசைத்து கேக் தட்டை மூடிவிட்டார்.

பிறகுதான் மகள் சொன்னாள். எதையாவது கொடுக்க முன்வரும்போது வெறுமனே டாங்கே என்றால் வேண்டாம் என்று பொருள். வேண்டுமென்றால் "யா, கேர்ன்" சொல்ல வேண்டும். சரி, வேண்டாம் என்றே சொன்னதாக வைத்துக்கொள்வோம். நம் வீட்டில் என்றால் என்ன நடந்திருக்கும்? முதல் வேண்டாம் கணக்கிலேயே சேராது. இரண்டாவது வேண்டாமுக்கு இலையில் விழுந்துவிடும். மூன்றாவது வேண்டாமுக்குக் கையால் இலையை மறைக்க வேண்டும். இங்கே சொன்ன சொல்லை அப்படியே நம்பிவிடுகிறார்கள். எனக்கு இது மரியாதையா அக்கறையின்மையா என்று மாலைவரை விளங்கவில்லை. இரவில், பசித்தபோது, அக்கறையின்மை என்று பட்டது.

உண்மையான அதிர்ச்சி அதற்குப் பிறகு. காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து, தம் முதற்பெயரைச் சொல்லி, "நாம் இனி டூ சொல்லிக்கொள்ளலாம்" என்றார்.

ஜெர்மனில் 'டூ' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள். உண்மையில் ஸீ என்பது 'அவர்கள்' என்ற அதே சொல்தான். எழுத்தில் முதலெழுத்து மட்டும் பெரிதாகும். எதிரே இருப்பவரை அவர்கள் என்று அழைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான உறைகளில் "திரு. இன்னார் அவர்கள்" என்று படித்தவளுக்கு இது புதிதே இல்லை. மரியாதை என்றால் ஒருவரைப் பலராக்குவது என்று இரண்டு மொழிகளும் எப்படியோ முடிவு செய்திருக்கின்றன.

ஆனால் ஸீயிலிருந்து டூவுக்கு இறங்குவது இங்கே ஒரு சடங்கு. மூத்தவர்தான் இளையவருக்கு அதைத் தர வேண்டும். இளையவர் கேட்கக் கூடாது. அலுவலகத்தில் மேலதிகாரி தர வேண்டும். இருபது ஆண்டுகள் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து ஸீயிலேயே ஓய்வு பெற்றவர்களும் உண்டு என்றாள் மகள். ஆக, எண்பதை நெருங்குகிற பெண்மணி அறுபத்திரண்டு வயதுக்காரியான எனக்கு ஒரு கௌரவம் தருகிறார். அந்தக் கௌரவம், "என்னை நீ என்று கூப்பிடு" என்பது! என் அம்மா வயதுக்குப் பக்கத்தில் இருக்கிறவரை எப்படி நீ என்பது? அம்மாவையே நீ என்கிறோமே, முருகனை நீ என்கிறோமே என்றாள் மகள். அவர்கள் வேறு. அவர்கள் இன்றுதான் முதல்முறை எனக்குக் காப்பி கொடுத்தவர்கள் இல்லை.

நான் "டாங்கே" என்றேன். அது வேண்டாம் என்று பொருள்படுமோ என்று பயந்து, உடனே "யா, கேர்ன்" என்றும் சொன்னேன்.

நான்காம் நாள், ஹாம்பர்க்

மருமகன் மறந்துவிட்டுப்போன சாவியைக் கொடுக்க அவர் அலுவலகத்துக்குப் போனோம். மணி பன்னிரண்டு. நடைவழியில் எதிர்ப்பட்ட எல்லோரும் "மால்சைட்" என்றார்கள். சாப்பாட்டு வேளை என்று பொருள். முன்காலத்தில் "ஆசீர்வதிக்கப்பட்ட சாப்பாட்டு வேளை" என்று முழுதாகச் சொன்னதன் மிச்சம். ஏறக்குறைய பதினொன்றரையிலிருந்து ஒன்றரைவரை இது வணக்கமாகவே நடமாடுகிறது, சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவரிடமும் சொல்கிறார்கள். "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்கும் ஊர்க்காரி எனக்கு இதுதான் இந்த மொழியிலேயே மிக இயல்பான சொல்லாகப் பட்டது.

பிறகு தபால் அலுவலகம் பார்க்க ஆசைப்பட்டேன். தனிக் கட்டடமெல்லாம் இல்லை. செய்தித்தாள், சிகரெட், லாட்டரிச் சீட்டு விற்கும் கடையின் ஒரு மூலையில் மஞ்சள் பலகை வைத்த கவுன்ட்டர். திருநெல்வேலியில் என்னோடு வேலை பார்த்த தோழிக்கு ஒரு அஞ்சலட்டை. வெளிநாட்டுக்கு 1.25 யூரோ, உள்நாட்டுக் கடிதத்துக்கு 95 சென்ட். நேற்று முழுவதும் மனப்பாடம் செய்திருந்ததால் மொயின், ஹெட்டெ கேர்ன், பிட்டே, டாங்கே அனைத்தையும் வரிசையாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு "நல்ல நாள்" போய் "நல்ல வார இறுதி" ஆகிவிடும், அதையும் மறக்கவில்லை. ஸ்டாம்பு கிழித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "உங்களுக்கும் அப்படியே" என்றார். நிமிர்ந்தது ஒரு விநாடிதான். கவுன்ட்டருக்கு உள்ளே அந்த விநாடி எவ்வளவு நேரம் தங்கும் என்று எனக்குத் தெரியாது, எனக்குக் கிடைத்ததில்லை. வெளியே வந்தபின் சிறிது நேரம் பேரனோடு பேசாமல் நடந்தேன்.

ஐந்தாம் நாள், ஹம்

பேரனுக்கு மே மாத விடுமுறை. ஒரே மாத டிக்கெட்டில் நாடு முழுவதும் உள்ளூர் ரயில்களில் போகலாம், அதிவேக ரயில்களில் செல்லாது. ஆகவே பிரெமன், ஆஸ்னாப்ரூக், மூன்ஸ்டர் என்று மாறி மாறி மெதுவாகத் தெற்கே இறங்குகிறோம்.

ஹம் நகரின் ஊன்ட்ராப் பகுதியில், தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு நடுவே, ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் எழுப்பி 2002-ல் குடமுழுக்குச் செய்தார்கள். 17 மீட்டர் கோபுரம். தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் வருவார்களாம். நாங்கள் போனது கூட்டமில்லாத நாள்.

பிரகாரத்தில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் "சுகமாய் இருக்கிறீர்களா?" என்று கேட்டார். பேரன் என்னிடம் "ஆச்சி, நீ தண்ணீர் குடிக்கிறாயா?" என்றதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு. அவன்மேல் தப்பில்லை. ஜெர்மனில் பாட்டி டூதான், வீட்டில் உள்ள எல்லோரும் டூதான். நீங்கள் என்றால் அவனுக்கு ஆசிரியரும் பல் மருத்துவரும். ஜெர்மன் தலைக்குள் போனால் நீ, தமிழ் தலைக்குள் வந்தால் நீங்கள் என்று ஊசலாடுகிறான். "எங்களுக்கு நடுவில் 'நீர்' இருக்கிறதே" என்றார் அந்த அம்மா. உண்மைதான். அவர்கள் கணவனும் மனைவியும் நீர் என்று பேசிக்கொள்வார்கள். ஒருமையின் நெருக்கமும் உண்டு, தள்ளி நிற்கும் மதிப்பும் உண்டு. கீழ்வீட்டு அம்மாவுக்கு அந்தச் சொல்தான் எனக்குத் தேவைப்பட்டது. ஜெர்மனில் அது இல்லை.

இன்று அவருடைய பிறந்தநாள். கோயில் வாசலில் நின்றே தொலைபேசியில் வாழ்த்தினேன். இவர்கள் போனை எடுத்ததும் ஹலோ சொல்லி யார் என்று கேட்பதில்லை. தம் குடும்பப் பெயரைச் சொல்கிறார்கள். எண்பதுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, டூவும் வராமல் ஸீயும் வராமல் ஐந்து நிமிடம் பேசினேன். "கேக் வெட்டியாயிற்றா? விருந்தாளிகள் வந்தாயிற்றா?" ஆளே இல்லாத வாக்கியங்கள். கல்யாணமான புதிதில் நாத்தனாரோடு நான் பழகிய வித்தைதான், ஜெர்மனிலும் வேலை செய்கிறது.

ஆறாம் நாள், எஸ்ஸன்

ஞாயிறு. கடைகள் மூடியிருக்கின்றன, நேற்றே ரொட்டி வாங்கி வைக்காதவர்களுக்கு ரயில் நிலையமே கதி.

ஸோல்ஃபெராய்ன் சுரங்கம். 1986-ல் நிலக்கரி எடுப்பது நின்றது, 2001-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுற்றிக் காட்டியவர் முன்னாள் சுரங்கத் தொழிலாளி. விரல் நகங்களின் ஓரத்தில் கரி அப்படியே குடியிருக்கிறது. "க்ளூக் அவுஃப்" என்று எங்களை வரவேற்றார். க்ளூக் என்றால் நற்பேறு. அவுஃப் என்றால் மேலே, திறக்கட்டும் என்றும் பொருள். கனிமப் படுகை திறந்து கிடைக்கட்டும் என்பது பழைய பொருள். கீழே போகிறவன் நல்லபடியாக மேலே வரட்டும் என்பது தொழிலாளிகள் ஏற்றிக்கொண்ட பொருள். முதல்முறை கீழே இறங்கிய நாளில் அவருடைய மேற்பார்வையாளர் அதைச் சொன்னபோது கை நடுங்கியது என்றார்.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் வீட்டில் போகிறேன் என்று சொல்லிவிட்டு யாராவது படியிறங்க முடியுமா? "போகிறேன் என்று சொல்லாதே, வருகிறேன் என்று சொல்" என்ற அம்மாவின் குரல் இப்போதும் கேட்கிறது. இவர்கள் அறுநூறு மீட்டர், ஆயிரம் மீட்டர் பூமிக்குள் இறங்கும்போது மேலே என்ற சொல்லை வாயில் வைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். அவுஃப் வீடர்சேன் என்பதும் மறுபடி பார்க்கும்வரை என்பதுதான். தொலைபேசியில் பார்க்க முடியாதே என்று அதை "மறுபடி கேட்கும்வரை" என்று மாற்றிக்கொள்கிற துல்லியம் வேறு.

பக்கத்து ஊர் பாட்ராப்பில் கடைசிக் கருங்கரிச் சுரங்கம் 2018 டிசம்பர் 21 அன்று மூடப்பட்டது. கடைசிக் கரித் துண்டை குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையரிடம் கொடுத்தார்கள். சுரங்கம் போய்விட்டது, வணக்கம் போகவில்லை. மாலையில் டிராமில் நீல வெள்ளைச் சால்வை போட்ட கால்பந்து ரசிகர் ஒருவர் இன்னொருவரிடம் அதையே சொன்னார்.

எட்டாம் நாள், மியூனிக்

கொலோன், ஃப்ராங்க்ஃபர்ட் இரண்டும் ரயில் மாறிய ஊர்கள், அவற்றைப் பற்றி எழுத என்னிடம் நடைமேடை எண்கள்தான் உண்டு.

இங்கே மொயின் செல்லாது. "க்ரூஸ் கோட்", கடவுள் உம்மை வாழ்த்தட்டும். வடக்கத்தியர்கள் "பார்த்தால் சொல்லிவிடுகிறேன்" என்று குறும்பாகப் பதில் சொல்வார்களாம். தெற்கே இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 2012-ல் பாசாவு நகரில் ஒரு பள்ளி, ஹலோவும் சூஸும் மரியாதைக் குறைவு என்று சொல்லித் தன்னை அவையிரண்டும் இல்லாத வளாகமாக அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால் சூஸும் கடவுளிடமிருந்து வந்ததுதான்: பிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிகளின் "கடவுளிடம் ஒப்படைத்தேன்" என்ற விடைச்சொல் வடக்குத் துறைமுகங்களில் தேய்ந்து தேய்ந்து சூஸ் ஆயிற்று.

இன்னொரு சொல் 'செர்வுஸ்'. வரும்போதும் போகும்போதும், நண்பர்களுக்குள். லத்தீனில் அடிமை என்று பொருள். உங்கள் ஊழியன் என்பதன் சுருக்கம். எங்கள் தெருவில் வைணவர் வீட்டுப் பெரியவர் கதவைத் திறந்ததும் "அடியேன்" என்பார். அதையே ஒரு பீர்க் கடையில், கை நிறையக் குவளைகளைத் தூக்கிவந்த பெண்ணின் வாயில் கேட்டேன்.

ஆம், பீர்க் கடைதான். இங்கிலீஷ் கார்டனில் சீனக் கோபுரத்தடியில் மரப் பெஞ்சுகள். இந்த மாநிலத்தில் ஒரு நல்ல பழக்கம்: விரிப்பில்லாத மேசைகளில் குடிப்பதை மட்டும் அவர்களிடம் வாங்கிக்கொண்டு, தின்பதை வீட்டிலிருந்தே கொண்டுவரலாம். 1812-ல் அரசர் மாக்ஸிமிலியன், பீர் வடிப்பவர்கள் தோட்டத்தில் பீர் விற்கலாம், சாப்பாடு விற்கக் கூடாது என்று ஆணையிட்டதிலிருந்து வந்த வழக்கம். தங்கியிருந்த அறையின் அடுப்பில் கிளறிய புளியோதரையை நான் பிரித்தேன். அதற்கு முன், பாதி காலியாக இருந்த மேசையில் "இங்கே இடம் இருக்கிறதா?" என்று கேட்டுத்தான் உட்கார்ந்தோம். காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியும், இருந்தாலும் கேட்க வேண்டும். எதிரே இருந்த தம்பதியர் புளியோதரையை எட்டிப் பார்த்தார்கள். "வேண்டுமா?" "டாங்கே" என்றார் அந்த அம்மா. நான் பாடம் கற்றவள், தட்டை இழுத்துக்கொண்டேன்.

குவளைகளை மோதிக்கொள்ளும்போது கண்ணைப் பார்க்க வேண்டும். எனக்கு ஆப்பிள் சாறும் சோடாவும்தான், இருந்தாலும் விதி பொது. பழக்கதோஷத்தில் குவளையைப் பார்த்தேன். எதிரே இருந்தவர் பதறி, மறுபடி மோதச் செய்தார். கண்ணைப் பார்க்காவிட்டால் ஏழு ஆண்டுகளுக்கு ஏதோ கெடுதலாம். "என்ன கெடும்?" என்று பேரனிடம் கேட்டேன். காது சிவந்து, "எனக்குத் தெரியாது" என்றான். தம்பதியர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கணவர் போய் எட்டு வருடம் ஆகிறது. எனக்குப் பாதிப்பில்லை என்று புரிய ஒரு நிமிடம் பிடித்தது.

ஒன்பதாம் நாள், வெண்டல்ஸ்டைன்

1,838 மீட்டர். 1912-லிருந்து ஓடும் பல்சக்கர ரயில் உச்சிக்குச் சற்றுக் கீழே கொண்டுபோய் விடுகிறது. அதற்கு மேல் நடை. என் முழங்காலுக்கு நான் நிறைய வாக்குறுதிகள் கொடுக்க வேண்டியிருந்தது.

நகரத்தில் கண்ணில் படாமல் நடக்கிறவர்கள் மலையேறினால் மாறிவிடுகிறார்கள். எதிரே இறங்கி வந்த ஒருவர் விடாமல் வணக்கம் சொன்னார்கள். பேரன் எண்ணினான்: ஏறும்போது மட்டும் 43. மூச்சு வாங்கும்போது பதில் சொல்வது சிரமம், பாதிப் பேருக்குத் தலையைத்தான் ஆட்டினேன்.

ஆயிரம் மீட்டருக்கு மேல் போய்விட்டால் எல்லோரும் டூதான் என்று ஒரு மலைவழக்கம் உண்டு. அங்கே முனைவர், இயக்குநர், மேலதிகாரி எல்லாம் கீழேயே தங்கிவிடுவார்கள். வெள்ளை மீசைக்காரர் ஒருவர், எழுபது இருக்கும், ஊன்றுகோலை உயர்த்தி "க்ரியஸ் டி" என்றார். க்ரூஸ் கோட் என்பதன் நெருங்கிய உருவம், டூ சேர்ந்தது. முன்பின் தெரியாத ஆண் என்னை நீ என்று சொல்வது என் வாழ்வில் இதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். ஊரில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் கவுன்ட்டரை மூடியிருப்பேன். இங்கே கோபம் வரவில்லை. நானும் "க்ரியஸ் டி" என்றேன். பேரன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

இறங்கும் ரயிலில் எதிரே அதே மீசைக்காரர். பாதி தூரம் வந்ததும் என்னிடம் சன்னலைச் சாத்தலாமா என்று கேட்டார். ஸீ போட்டு.

பன்னிரண்டாம் நாள், ஹாம்பர்க்

மியூனிக்கிலிருந்து அதிவேக ரயிலில் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகித் திரும்பினோம். இரண்டு நாளாகப் பெட்டி கட்டுவது, கட்டியதை அவிழ்ப்பது.

நேற்று மாலை கீழ்வீட்டு அம்மா கேக்கோடு வந்தார். இம்முறை "யா, கேர்ன்" என்று இரண்டு துண்டு வாங்கிக்கொண்டேன். உங்கள் மொழியில் விடைபெறும்போது என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். போகிறேன் என்று சொன்னால் வீட்டில் திட்டு விழும், போய் வருகிறேன் என்போம் என்றேன். மகள் மொழிபெயர்த்தாள். அவர் ஒரு காகிதத்தில் தம் எழுத்தில் எழுதிக்கொண்டு, 'று' வரும் இடத்தில் தடுக்கித் தடுக்கிப் பலமுறை சொல்லிப் பார்த்தார். சொல்கிறவர் புறப்படுகிறவர் என்பதையும், நிற்கிறவர் திருப்பிச் சொல்ல வேறொன்று இருக்கிறது என்பதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தோன்றவில்லை.

இன்று காலை ரொட்டிக் கடையில் மொயினிலிருந்து சூஸ் வரை ஒன்றும் விடாமல் முடித்தேன். கடைக்காரம்மாவுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவருக்கு நான் ஒரு ஃப்ரான்ஸ்ப்ரோட்சென்.

புறப்படும்போது கீழ்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவர் வாசலில் நின்றார், கையில் அந்தக் காகிதம். நான் "அவுஃப் வீடர்சேன்" என்றேன். அவர் காகிதத்தைப் பார்க்காமல் என் கண்ணைப் பார்த்து, "போய் வருகிறேன்" என்றார். போவது நான். எண்பது வயதில், வீட்டுச் செருப்போடு, தம் வாசலில் நின்று அவர் போய் வருகிறேன் என்கிறார். திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். "போய் வா" என்று வந்துவிட்டது.

கீழிருந்து மருமகன் குரல் கொடுத்தார். விமான நிலையத்துக்கு எஸ் 1 ரயில். முன்பக்கப் பெட்டிகளில்தான் ஏற வேண்டும், ஓல்ஸ்டார்ஃப் நிலையத்தில் வண்டி இரண்டாகப் பிரிந்து பின்பாதி வேறு பக்கம் போய்விடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். யாருக்கும் வணக்கம் சொல்லாமல், ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஓல்ஸ்டார்ஃபில் பின்பாதி கழன்று நின்றபோதுதான், அந்த அம்மாவை 'வா' என்று சொல்லிவிட்டது எனக்கு உறைத்தது.